இந்தியத் தண்டனைச் சட்டம் பிரிவு 295அ

இந்தியத் தண்டனைச் சட்டம் பிரிவு 295அ என்பது, ஒரு வகுப்பினரின் மத உணர்வுகளைப் புண்படுத்த வேண்டும் என்ற திட்டமிட்ட தீய நோக்கத்துடன் அவர்களது மதத்தை அல்லது மத நம்பிக்கைகளை இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு ஆகும். பிரித்தானிய இந்தியாவில் 1927 ஆம் ஆண்டு இது சேர்க்கப்பட்டது. 1860 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபின், அதன் 299 ஆம் பிரிவாக ஏறத்தாழ அதே சொற்களில் இது தொடர்கிறது.

கருத்துச் சுதந்திரத்துக்கும் வெறுப்புப் பேச்சுக் கட்டுப்பாட்டுக்கும் இடையிலான இழுபறி பற்றிய விவாதங்களில் இப்பிரிவு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஆயினும் இதனை வெறுப்புப் பேச்சுச் சட்டம் என்றே விளங்கிக்கொள்வது முழுவதும் சரியாகாது. மக்கள் பிரிவுகளுக்கிடையே பகைமையைத் தூண்டுவதைத் தண்டித்தது பிரிவு 153அ ஆகும். பிரிவு 295அ-இல் தாக்கப்படுவது மதம், புண்படுவது உணர்வு. ஒரு நம்பிக்கையை இழிவுபடுத்துவதும், அந்த நம்பிக்கை உடைய மக்கள்மீது வெறுப்பை மூட்டுவதும் ஒன்றுதானா என்ற கேள்வி இப்பிரிவு பற்றிய எல்லா வழக்குகளிலும் ஏதோ ஒரு வடிவில் எழுந்துள்ளது.

தோற்றம்

தண்டனைச் சட்டத்தின் 15 ஆம் அத்தியாயம் மதம் தொடர்பான குற்றங்களைப் பற்றியது. வழிபாட்டிடங்களைச் சேதப்படுத்துதல், வழிபாட்டுக்குக் கூடியோரைக் குழப்புதல் போன்றவை அதில் முதலிலிருந்தே இடம்பெற்றன. மத உணர்வைப் புண்படுத்தும் சொற்களைத் தண்டித்த 298 ஆம் பிரிவு, ஒருவர் காதுபடப் பேசுவதையும் கண்ணெதிரே சைகை செய்வதையும் பற்றியது. அச்சிட்ட நூல் அதன் வரம்புக்குள் வரவில்லை. 1898 இல் சேர்க்கப்பட்ட 153அ, வகுப்புகளுக்கிடையே பகைமை வளர்ப்பதைக் குற்றமாக்கியது.

1924 இல் லாகூரில் ராஜ்பால் என்ற பதிப்பாளர், முகம்மது நபியின் இல்லற வாழ்வை ஏளனம் செய்த "ரங்கீலா ரசூல்" என்ற சிறுநூலை ஆசிரியர் பெயரின்றி வெளியிட்டார். 153அ-இன் கீழ் கீழ்நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. 1927 மே மாதத்தில் லாகூர் உயர் நீதிமன்ற நீதிபதி தலீப் சிங் அவரை விடுதலை செய்தார். நூலின் தொனி கண்டிக்கத்தக்கதே எனினும், மறைந்த ஒரு சமயத் தலைவரைப் பற்றிய தாக்குதலைத் தடுப்பதற்காக 153அ இயற்றப்படவில்லை என்பது அவரது முடிவு. முஸ்லிம்களிடையே பெரும் கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டு "ரிசாலா-இ-வர்த்தமான்" என்ற இதழ் தொடர்பான வழக்கில், அதே உயர் நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு, இத்தகைய எழுத்தை 153அ-இன் கீழேயே தண்டிக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. ஆகவே புதிய பிரிவு நிரப்ப வந்த இடைவெளி உண்மையில் இருந்ததா என்பதே ஐயத்துக்குரியது. இருப்பினும் அரசு பின்வாங்கவில்லை. 1927 ஆம் ஆண்டின் 25 ஆம் சட்டமாக 295அ நிறைவேறியது.

மத்திய சட்டமன்றத்தில் நடந்த விவாதம் இன்றும் படிக்கத்தக்கது. தேர்வுக் குழுவில் இடம்பெற்ற முகம்மது அலி ஜின்னா சட்டத்தை ஆதரித்தார். எனினும் வரலாற்று ஆய்விலும் உண்மையைத் தேடுவதிலும் மதத்தை நேர்மையாக விமர்சிப்பதிலும் ஈடுபடுவோர் பாதுகாக்கப்பட வேண்டும் என வலியுறுத்தினார். "திட்டமிட்ட", "தீய நோக்கத்துடன்" என்ற இரு நிபந்தனைகளும் இத்தகைய அச்சங்களுக்கான விடையாகவே அமைந்தன.

சட்டம் வந்தும் ராஜ்பாலின் உயிர் தப்பவில்லை. 1929 ஏப்ரல் 6 அன்று அவர் தம் கடையில் குத்திக் கொல்லப்பட்டார். கொன்ற இல்முத்தீன் என்ற இளைஞர் அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று தூக்கிலிடப்பட்டார். உயர் நீதிமன்ற மேல்முறையீட்டில் அவருக்காக வாதிட்டவர் ஜின்னா.

கூறுகளும் நடைமுறையும்

பேச்சு, எழுத்து, சைகை, காட்சி வடிவம் ஆகிய எவ்வழியிலும் இக்குற்றம் நிகழலாம். தொடக்கத்தில் இரண்டு ஆண்டுகளாக இருந்த உச்சபட்சச் சிறைத்தண்டனை 1961 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மூன்று ஆண்டுகள் ஆனது. 299 ஆம் பிரிவு மின்னணு வழியிலான வெளிப்பாட்டையும் பெயர் குறித்துச் சேர்த்துள்ளது.

அரசின் முன் அனுமதி இன்றி நீதிமன்றம் இக்குற்றத்தை விசாரணைக்கு ஏற்க இயலாது. அற்பப் புகார்களைத் தடுக்கும் அணையாக இது கருதப்பட்டது. ஆனால் இது பிடியாணை இன்றிக் கைது செய்யத்தக்க, பிணையை உரிமையாகக் கோர முடியாத குற்றம். முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யவும், கைது செய்யவும் முன் அனுமதி தேவையில்லை. அணை ஆற்றின் கீழ்ப்பகுதியில் கட்டப்பட்டுள்ளது; எழுதியவரும் பேசியவரும் அதற்கு மேற்பகுதியிலேயே அகப்படுகின்றனர். தொலைவிலுள்ள பல ஊர்களில் ஒரே செயலுக்காகப் புகார்கள் பதிவாகும்போது, இறுதியில் விடுதலை உறுதி என்றாலும் அலைச்சலும் செலவும் குறைவதில்லை.

2013 இல் ஒரு வணிக இதழின் அட்டையில் துடுப்பாட்ட வீரர் மகேந்திர சிங் தோனி விஷ்ணுவைப் போலச் சித்தரிக்கப்பட்டார். இதற்காக ஆந்திரத்தில் அவர்மீது தொடுக்கப்பட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் 2017 ஏப்ரலில் நீக்கியது. தீய நோக்கமின்றி, அறியாமலோ கவனக்குறைவாலோ நேரும் அவமதிப்பு இப்பிரிவுக்குள் வராது என்று நீதிமன்றம் கூறியது. இதைச் சொல்லி முடிக்க நான்கு ஆண்டுகள் ஆயின.

அரசியலமைப்பும் நீதிமன்றத் தீர்ப்புகளும்

இந்திய அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு பேச்சுச் சுதந்திரத்தை உறுதிசெய்கிறது. 19(2) அதன்மீதான கட்டுப்பாடுகளுக்கு இடமளிக்கிறது. முதலில் இயற்றப்பட்ட 19(2)-இல் "பொது ஒழுங்கு" என்ற சொல் இல்லை. பம்பாயிலிருந்து வெளிவந்த "கிராஸ் ரோட்ஸ்" இதழ் சென்னை மாகாணத்துக்குள் வருவதைச் சென்னை அரசு தடுத்தது. 1950 இல் ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. அடுத்த ஆண்டே முதலாவது அரசியலமைப்புத் திருத்தம் பொது ஒழுங்கைக் கட்டுப்பாட்டுக்கான காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. கட்டுப்பாடுகள் "நியாயமானவை"யாக இருக்க வேண்டும் என்ற சொல்லும் அத்திருத்தத்திலேயே வந்தது.

295அ செல்லுபடியாகுமா என்ற கேள்வி 1957 இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வின் முன் வந்தது. மனுதாரர் பசுப் பாதுகாப்பு இதழொன்றின் ஆசிரியர். மதத்தை அவமதிக்கும் எல்லாச் செயல்களும் பொது ஒழுங்கைக் குலைப்பதில்லை என்பது அவரது வாதம். இப்பிரிவு எல்லா அவமதிப்பையும் தண்டிப்பதில்லை, திட்டமிட்ட தீய நோக்குடைய கடுமையான வடிவத்தை மட்டுமே தண்டிக்கிறது, அத்தகைய அவமதிப்புக்கு ஒழுங்கைக் குலைக்கும் இயல்பு உண்டு என்று கூறி நீதிமன்றம் பிரிவை நிலைநிறுத்தியது. பேசியவரின் மனநிலையிலிருந்து சமூகத்தில் நிகழக்கூடிய விளைவுக்கு இத்தீர்ப்பு ஒரே தாவலில் சென்றுவிடுகிறது. அதன் வலுவற்ற இடம் இதுவே.

பிந்தைய தீர்ப்புகள் இத்தாவலை ஏற்கத் தயங்கின. 1960 இல் ராம் மனோகர் லோகியா வழக்கு, பேச்சுக்கும் ஒழுங்குக் குலைவுக்கும் நெருங்கிய தொடர்பு வேண்டும் என்றது. "ஒரே ஒரு கிராமத்திலே" என்ற தமிழ்த் திரைப்படம் பற்றிய 1989 ஆம் ஆண்டு ரங்கராஜன் வழக்கில், அந்தத் தொடர்பு வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறி போன்று இருக்க வேண்டும் என்றும், ஆர்ப்பாட்ட அச்சுறுத்தலுக்குப் பணிந்து கருத்தை ஒடுக்கக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவை நீக்கிய 2015 ஆம் ஆண்டு ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு, கருத்தை விவாதிப்பதையும் ஆதரித்துப் பேசுவதையும் தூண்டுதலிலிருந்து பிரித்துக் காட்டியது. இவ்வழக்குகள் எதிலும் 295அ நேரடியாக எதிர்க்கப்படவில்லை. ராம்ஜி லால் தீர்ப்பு மாற்றப்படாமலே உள்ளது.

தமிழகத் தொடர்பு

1953 இல் பெரியார் ஈ. வெ. இராமசாமி திருச்சிராப்பள்ளியில் மண்ணாலான பிள்ளையார் உருவத்தைப் பொது இடத்தில் உடைத்தார். அது புனிதப் பொருள் ஆகாது எனக் கீழ்நீதிமன்றங்கள் புகாரைத் தள்ளின. 1958 இல் உச்ச நீதிமன்றம், 295 ஆம் பிரிவுக்கு அவை தந்த பொருள் மிகக் குறுகியது என்றது. எனினும் ஐந்து ஆண்டுகள் கடந்துவிட்டதால் மேல் விசாரணைக்கு உத்தரவிடவில்லை.

பெரியாரின் இராமாயண ஆய்வு நூல் இப்பிரிவோடு நேரடித் தொடர்புடையது. லலாய் சிங் யாதவ் வெளியிட்ட அதன் இந்தி மொழிபெயர்ப்பையும், ஆங்கில நூலையும் உத்தரப் பிரதேச அரசு 1969 இல் பறிமுதல் செய்ய ஆணையிட்டது. 295அ-இன் கீழ் தண்டிக்கத்தக்க நூலைப் பறிமுதல் செய்ய எவரும் குற்றவாளியாகத் தீர்மானிக்கப்பட வேண்டியதில்லை. அரசின் கருத்தும் அதற்கான காரணங்களும் போதும். அந்தக் காரணங்கள் ஆணையில் கூறப்படவில்லை என்பதால் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஆணையை நீக்கியது. 1976 இல் நெருக்கடி நிலை நடப்பிலிருந்த காலத்தில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பு அதனை உறுதிசெய்தது. நூலின் உள்ளடக்கம் குற்றமா என்பதற்குள் அத்தீர்ப்பு செல்லவில்லை.

பெருமாள்முருகனின் "மாதொருபாகன்" புதினம் 2010 இல் வெளியாகி, நான்கு ஆண்டுகள் கழித்துத் திருச்செங்கோட்டில் எதிர்ப்பைச் சந்தித்தது. 2015 ஜனவரியில் அவர் எழுதுவதையே நிறுத்துவதாக அறிவித்தார். அப்போது அவருக்கு எதிராக நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் இல்லை. அதிகாரிகள் கூட்டிய அமைதிப் பேச்சுவார்த்தையும் ஊர்ப்பகையும் மட்டுமே இருந்தன. அப்பேச்சுவார்த்தையில் ஏற்பட்ட உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலையில் தீர்ப்பளித்தது.

விமர்சனங்கள்

புண்பட்டோரின் சினம் எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவு எளிதாகப் பொது ஒழுங்கு வாதம் நிற்கும் என்பது இப்பிரிவின் மீதான முதன்மைக் குற்றச்சாட்டு. அமைதியாக வருந்துவோரைவிடக் கல்லெறிவோருக்கே சட்டம் செவிசாய்ப்பதாக இது முடிகிறது.

மறுபுறத்து வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. சிறுபான்மையினர்மீதான வெறுப்பு பெரும்பாலும் அவர்களது மதத்தின்மீதான ஏளனமாகவே தொடங்குகிறது. மதத்தையும் மக்களையும் பிரித்துப் பார்ப்பது ஏட்டில் எளிது, தெருவில் கடினம். சட்ட மெய்யியலாளர் ஜெரமி வால்ட்ரன் 2012 இல் வெளியான தம் நூலில் வெறுப்புப் பேச்சுச் சட்டங்களை ஆதரித்தார். ஆயினும் அவை ஒருவரது சமூக மதிப்பைக் காக்க வேண்டுமேயன்றி, உணர்வு புண்படாமல் காக்க வேண்டியதில்லை என்று வேறுபடுத்தினார்.

இந்தியச் சட்ட ஆணையம் 2017 இல் தன் 267 ஆம் அறிக்கையில் வெறுப்பைத் தூண்டுவதற்கெனப் புதிய பிரிவுகளைப் பரிந்துரைத்தது. புகாருக்குக் காத்திராமல் வெறுப்புப் பேச்சு வழக்குகளைப் பதிவு செய்யுமாறு 2022 இல் மூன்று அரசுகளுக்கு இட்ட ஆணையை, உச்ச நீதிமன்றம் 2023 இல் எல்லா மாநிலங்களுக்கும் விரிவாக்கியது. அவ்வாணைகள் குறிப்பிட்ட பிரிவுகளில் 153அ-உடன் 295அ-உம் அடங்கும்.

பிற நாடுகளில்

பாகிஸ்தான், வங்காளதேசம், மியான்மர் ஆகியன இதே பிரிவை இதே எண்ணுடன் மரபுரிமையாகப் பெற்றன. பாகிஸ்தான் 1982 இல் 295ஆ-வையும், 1986 இல் நபியை இழிவுபடுத்துவோருக்கு மரண தண்டனை வரை விதிக்கும் 295இ-யையும் சேர்த்தது. 295இ-இல் தீய நோக்கம் என்ற நிபந்தனை இல்லை.

இங்கிலாந்து வேறு வழியில் சென்றது. அங்கு 2006 ஆம் ஆண்டின் சட்டம், அச்சுறுத்தும் சொற்களால் மத அடிப்படையில் மக்கள்மீது வெறுப்பைத் தூண்ட முனைவதைக் குற்றமாக்கியது. மதங்களையும் நம்பிக்கைகளையும் விமர்சிப்பதையோ, ஏளனம் செய்வதையோ, அவமதிப்பதையோ அது தடுக்காது எனவும் அச்சட்டமே வெளிப்படையாகக் கூறுகிறது. கிறித்தவ சமயத்தை மட்டும் காத்துவந்த பழைய தெய்வ நிந்தனைக் குற்றம் 2008 இல் அங்கு ஒழிக்கப்பட்டது.