பெயர் அறிந்து பேணுதல்

இறைவன் உயிரினங்களை முதல் மனிதனிடம் கொண்டுவந்து, அவற்றுக்கு அவன் பெயரிடும்படி செய்தார் என்று தொடக்கநூல் கூறுகிறது. பெயரிடுதலை அதிகாரத்தின் அடையாளமாகவே நாம் பெரிதும் எண்ணி வந்துள்ளோம். அது பொறுப்பின் தொடக்கமும் ஆகும் என்பதற்கு இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் ஒரு வரலாறு உண்டு.

1782-இல் வில்லியம் கிர்பி என்னும் இளம் ஆங்கிலிக்கன் திருப்பணியாளர் சபோக் மாவட்டத்துப் பார்ஹாம் சிற்றூருக்கு வந்தார். 1850-இல் இறக்கும்வரை, 68 ஆண்டுகள், அங்கேயே பணியாற்றினார். 1802-இல் இங்கிலாந்தின் தேனீக்களைக் குறித்து இரு தொகுதிகளில் ஒரு நூலை வெளியிட்டார். அதில் விளக்கப்பட்ட இனங்களுள் பெரும்பாலானவை அவரது பங்கின் எல்லைக்குள்ளேயே கிடைத்தவை.

ஆயினும் அந்நாளில் பூச்சியின் பெயரை அறிய அதன் உயிரைப் பறிக்க வேண்டியிருந்தது. வலையில் பிடித்து, கொன்று, ஊசியில் குத்தி வைத்தே ஆராய்ந்தனர். பின்னர் பலருக்கு அறிவுத் தாகம் சேகரிக்கும் மோகமாக மாறியது. அரியவை விலைக்கும் போயின.

பெரிய நீல வண்ணத்துப்பூச்சி அருகி வந்தபோது பழி சேகரிப்போர்மீது விழுந்தது. அவர்களைத் தடுக்க வேலியிட்டும் பயனில்லை. 1979-இல் அது பிரிட்டனிலிருந்து மறைந்தது. உண்மைக் காரணத்தை ஜெரமி தாமஸ் என்னும் அறிஞர் பல ஆண்டுகள் வயலில் இருந்து கண்டறிந்தார். இதன் புழு சில வாரம் தைம் என்னும் நறுமணச் செடியை உண்டபின், ஒருவகைச் செவ்வெறும்புகளால் புற்றுக்குள் எடுத்துச் செல்லப்பட்டு, அவற்றின் குஞ்சுகளைத் தின்று வளர்கிறது. அவ்வெறும்புக்கு வெயில் படும் குட்டைப் புல்தரை தேவை. மேய்ச்சல் குறைந்ததும் முயல்கள் நோயால் மடிந்ததும் புல்லை உயரச் செய்தன, மண் குளிர்ந்தது, எறும்பு போயிற்று, அதனோடு வண்ணத்துப்பூச்சியும் போயிற்று. நல்லெண்ணத்தோடு இட்ட வேலி மேய்ச்சலையும் தடுத்துவிட்டது! 1983 முதல் சுவீடனிலிருந்து கொண்டுவரப்பட்ட இனம், மேய்ச்சல் சீராக்கப்பட்ட நிலங்களில் மீண்டும் பறக்கிறது.

இன்று அங்கே பலர் வலைக்குப் பதில் புகைப்படக் கருவியோடு வேலியோரங்களில் குனிந்து நிற்கின்றனர். பூச்சியின் படத்தோடு நாளையும் இடத்தையும் குறித்து அனுப்புகின்றனர்; வல்லுநர் சரிபார்க்கின்றனர். இத்தகைய பதிவுகளைத் தொகுக்க 1964-இலேயே அந்நாட்டில் ஒரு நடுவம் அமைந்தது. எல்லாவற்றையும் படத்தால் அறிய முடியாது என்பதும் உண்மை. உருப்பெருக்கியின்கீழ் மட்டுமே பிரித்தறியக்கூடிய இனங்கள் பல உள்ளன. அங்கே பெயர் சொல்லாமல் நிறுத்திக்கொள்வதே நேர்மை.

திருத்தந்தை பிரான்சிசு 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில் புழு பூச்சிகளும் நினைவுகூரப்பட்டுள்ளன. படைப்பை நேசிக்கிறோம் என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். நேசிப்பது எதனால் வாழ்கிறது, எதனால் சாகிறது என்று அறியாத நேசம், வேலி கட்டிவிட்டு ஓய்ந்துவிடுகிறது. குனிந்து, பொறுத்திருந்து பார்ப்பதும் ஒருவகைச் செபமே அன்றோ?