இழுகயிறு விட்டுச்சென்ற பாதை: பிரான்சின் கால்வாய்க் கரைகளும் மிதிவண்டியும்

பிரான்சின் உள்நாட்டுக் கால்வாய்களின் ஓரமாக மிதிவண்டியில் செல்பவர் முதலில் உணர்வது பாதையின் சமநிலையைத்தான். பல கிலோமீட்டர் கடந்தாலும் ஏற்றம் என்று சொல்லத்தக்கது எதுவும் வராது. படகுகளை ஒரு நீர்மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் 'லாக்' என்னும் கதவுத் தொட்டிகளின் அருகில் மட்டும் பாதை சற்றே உயரும். பின்னர் மீண்டும் நீரை ஒட்டியே நீளும். இருபுறமும் மரங்கள், அசையாத நீர், எப்போதாவது ஒரு சிற்றூர். சுற்றுலாக் கையேடுகள் இதனை இயற்கையின் அமைதி என்று வருணிக்கின்றன. ஆனால் இப்பாதையில் இயற்கை தந்தது மிகக் குறைவு. இது சட்டத்தாலும் உடலுழைப்பாலும் உருவான ஒரு பணியிடம். பணி நின்றபின் எஞ்சிய வெறுமையையே இன்று அமைதி என்று அழைக்கிறோம்.

பாதையின் பெயரே இதற்குச் சான்று. பிரெஞ்சு மொழியில் இது 'ஷெமேன் து அலாஜ்', அதாவது இழுபாதை. 'அலே' என்ற வினைக்குக் கயிற்றால் இழுத்தல் என்பது பொருள்; படகுத்தொழிலின் சொல் அது. எதிர்க்கரையில் உள்ள ஒடுக்கமான பாதைக்கு 'மார்ஷ்பியே' என்று பெயர்; கால்வைத்து நடக்கும் இடம் என்று கொள்ளலாம். இன்று அப்பாதைகளில் கயிறும் இல்லை, இழுப்பவரும் இல்லை. எனினும் சட்ட நூல்களும் வழிகாட்டிப் பலகைகளும் அதே சொற்களையே ஆள்கின்றன. தொழில் மறைந்த பிறகும் தொழிற்சொல் நின்றுவிடுவது மொழி வரலாற்றில் புதிதன்று. இங்கோ சொல்லோடு சேர்ந்து நிலத்தின் மீதான ஓர் உரிமையும் நின்றுவிட்டது. மிதிவண்டிக்கு வழி கிடைத்ததன் தொடக்கம் அங்கேதான் உள்ளது.

அவ்வுரிமை தெளிவான எழுத்து வடிவம் பெற்றது 1669 ஆகஸ்டில். பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பேரின் முயற்சியால் வெளியான நீர்நிலைகள், காடுகள் பற்றிய அரசாணை, படகு செல்லும் ஆறுகளின் கரையில் நிலம் வைத்திருந்தோர் மீது ஒரு கடமையைச் சுமத்தியது. படகு இழுக்கப்படும் கரையில் 24 அடி அகலத்தை வழிக்காக விடவேண்டும். 30 அடிக்குள் மரமோ வேலியோ கூடாது. எதிர்க்கரையில் 10 அடி விடவேண்டும். அக்காலப் பிரெஞ்சு அடியை இன்றைய அளவில் மாற்றினால் 24 அடி ஏறத்தாழ 7.80 மீட்டர், 10 அடி 3.25 மீட்டர். மன்னராட்சி வீழ்ந்தது, குடியரசுகள் மாறின, மீட்டர் அளவை வந்தது, அந்த 7.80, 3.25 என்ற எண்கள் மட்டும் இன்றுவரை பிரெஞ்சுச் சட்டத்தில் நீடிக்கின்றன. ஒரு குதிரையும் அதன் பின்னே நீளும் கயிறும் கொள்ளும் இடத்தை அளந்த எண்கள் அவை.

இதே காலத்தில்தான் தெற்கே கனால் து மிதி வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது. 1666 அக்டோபரில் அரசாணை பிறந்தது. உப்பு வரி வசூலிக்கும் உரிமை பெற்றிருந்த பியேர்-போல் ரிக்கே பணியை ஏற்றார். தூலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரத்துத் தோ ஏரி வரை சுமார் 240 கிலோமீட்டர். கருமலை என்று பொருள்படும் மோந்தாஞ் நுவார் மலையின் ஓடைகளைச் சேன்-ஃபெரியோல் அணையில் தேக்கி, நொரூஸ் என்ற மேட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து இருபுறமும் பாயச்செய்ததே திட்டத்தின் உயிர்நாடி. ஆயிரக்கணக்கானோர் மண் சுமந்தனர். அவர்களுள் பெண்கள் பலர். 1681 மே மாதம் கால்வாய் திறக்கப்பட்டபோது ரிக்கே உயிருடன் இல்லை. சில மாதங்களுக்கு முன்பே, 1680 அக்டோபரில் இறந்துவிட்டார்.

இக்கால்வாயில் பயணிகளை ஏற்றிச்சென்ற அஞ்சற்படகுகளைக் குதிரைகள் இழுத்தன. தொடக்கத்தில் முழுப்பயணத்துக்கு நான்கு நாட்கள் தேவைப்பட்டன. பாலங்களின் அடியில் இழுபாதை ஒடுங்குவதும், நீண்ட வளைவுகளில் மெல்லத் திரும்புவதும், எங்கும் செங்குத்தாக ஏறாமல் இருப்பதும் அந்தக் குதிரைகளின் நடையை முன்னிட்டே. இன்று மிதிவண்டியோட்டியின் கால்கள் அனுபவிக்கும் எளிமை, சுமையிழுக்கும் விலங்கு இடறாதிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு. படகுக்கயிறுகள் தொடர்ந்து உராய்ந்ததால் பழைய பாலங்களின் கல்விளிம்புகளில் விழுந்த தடங்களை இன்றும் பல இடங்களில் காணலாம்.

விலங்கு வாங்க வசதியற்றோரின் வரலாறு இன்னும் கடினமானது. சரக்குப் படகுகள் பலவற்றை மனிதரே இழுத்தனர். மார்பின் குறுக்கே 'பிரிக்கோல்' என்னும் அகன்ற வாரை மாட்டிக்கொண்டு, உடலை முன்சாய்த்து, ஒவ்வோர் அடியாக நகர்வார்கள். குடும்பமே படகில் வாழ்ந்தபோது அவ்வாரை மனைவியும் பிள்ளைகளும் மாற்றி மாற்றி அணிந்தனர். நடுப்பிரான்சின் பெர்ரிக் கால்வாய் இவ்வுலகின் தனித்த சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், செலவைக் குறைப்பதற்காக, இங்கிலாந்தின் ஒடுங்கிய கால்வாய்களை முன்மாதிரியாகக் கொண்டு அது அமைக்கப்பட்டது. அதன் லாக்குகளின் அகலம் வெறும் 2.70 மீட்டர். அதற்கேற்ற ஒல்லியான படகுகளில் நிலக்கரியும் இரும்பும் சென்றன. இழுக்கும் கழுதைக்கோ கோவேறு கழுதைக்கோ படகின் நடுவிலேயே சிறு கொட்டில் இருந்தது. பகலில் விலங்கு கரையில் இழுத்தது; இரவில் குடும்பத்தோடு அதே படகில் உறங்கியது.

அந்தச் சிக்கனமே பெர்ரிக்குப் பிற்காலத்தில் தடையாயிற்று. 1879இல் பொதுப்பணி அமைச்சர் ஃப்ரெசினே கொண்டுவந்த சட்டம், நாட்டின் முதன்மைக் கால்வாய்களில் லாக்குகள் 38.50 மீட்டர் நீளமும் 5.20 மீட்டர் அகலமும் கொண்டிருக்கவேண்டும் என்று வகுத்தது. சுமார் 300 டன் ஏற்றும் படகுகள் அவ்வளவுக்குக் கட்டப்பட்டன. பெர்ரியில் அவை நுழைய முடியவில்லை. தெற்கே வேறு கதை. போர்தோவையும் சேத் துறைமுகத்தையும் இணைத்த ரயில்பாதை 1857இல் முழுமையடைந்தது. மறு ஆண்டே கனால் து மிதியின் நிர்வாகம் 40 ஆண்டுக் குத்தகையாக அதே ரயில் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. போட்டியாளனிடமே கால்வாய் ஒப்படைக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் படகுகளுக்கே மோட்டார் பொருத்தப்பட்டதும் இழுபாதைக்கு வேலை இல்லாமற்போயிற்று. 1955இல் பெர்ரிக் கால்வாய் நீர்வழிப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. 1980களின் இறுதிக்குள் கனால் து மிதியிலும் சரக்குப் போக்குவரத்து ஓய்ந்தது.

இதற்குள் மிதிவண்டி வந்து நெடுங்காலமாகிவிட்டது. சாந்த்-எத்தியேன் நகரில் 1887 முதல் 'லு சிக்லிஸ்த்' என்ற இதழை நடத்திய போல் து விவி, வெலோசியோ என்ற புனைபெயரில் பந்தயமற்ற நெடும்பயணத்தைப் போற்றி எழுதினார். 1890இல் தூரிங் கிளப் து ஃபிரான்ஸ் தோன்றியது. 1893இல் அரசு மிதிவண்டி ஒன்றுக்கு 10 பிராங்க் ஆண்டுவரி விதித்தது. அப்போது அது வசதியுள்ளோரின் பொருள். 1936 ஜூனில் லெயோன் புளூமின் மக்கள் முன்னணி அரசு தொழிலாளர்க்கு இரு வார ஊதிய விடுப்பைச் சட்டமாக்கியபோது, இருவர் மிதிக்கும் டாண்டம் வண்டியில் ஊரை விட்டுப் புறப்படும் இளம் இணைகள் அந்தக் கோடையின் அடையாளமாகவே ஆயினர்.

ஆனால் அவர்கள் சென்றவை நெடுஞ்சாலைகளும் சிற்றூர்ச் சாலைகளும். இழுபாதையில் வண்டியோட்டத் தடை இருந்தது. நீர்வழிப் பணிக்கன்றி, அனுமதியின்றி எவ்வகை வண்டியும் அங்கே செல்லலாகாது என்பதே 1932ஆம் ஆண்டு நீர்வழிக் காவல் விதிகளின் நிலைப்பாடு. தொழிலாளிக்கு ஓய்வு சட்டமாகக் கிடைத்த காலத்தில், உழைப்பால் உருவான பாதை அவ்வோய்வுக்குத் திறந்திருக்கவில்லை. அத்தடை இன்றும் அடிப்படையில் நீங்கிவிடவில்லை. 1991இல் உருவான நீர்வழி ஆணையமும் உள்ளாட்சி அமைப்புகளும் பகுதி பகுதியாக ஒப்பந்தம் செய்தே பாதைகளைத் திறக்கின்றன. பராமரிப்புப் பொறுப்பு பெரும்பாலும் உள்ளாட்சிக்குச் செல்கிறது. மோட்டாரற்றோர்க்கான 'பசுமைவழி' என்ற வகை சாலை விதித்தொகுப்பில் இடம்பெற்றதே 2004இல்தான். நாந்த் அருகே அட்லாண்டிக் கரையில் தொடங்கிக் கருங்கடல் வரை செல்லும் யூரோவெலோ 6 நெடுவழி, பிரான்சில் லுவார் ஆற்றின் கரைகளையும் நடுநாட்டுக் கால்வாய்களையும் கோத்துக்கொண்டு செல்வது இத்தகைய ஏற்பாடுகளின் மீதுதான்.

இங்கே வரலாறு ஒரு நுட்பமான வேறுபாட்டை விட்டுவைத்திருக்கிறது. கால்வாய் மனிதர் வெட்டியது. அதன் கரையும் பெரும்பாலும் பொதுச்சொத்து. படகோடும் ஆற்றின் கரை அவ்வாறன்று. நிலம் தனியாருடையது, வழி மட்டுமே பொதுக்கடமை. கரையோரத்து 3.25 மீட்டரில் நடப்போர்க்கு உரிமை தெளிவாக வழங்கப்பட்டது 2006 டிசம்பரில் வந்த நீர்ச் சட்டத்தால். நடப்போர்க்கு மட்டும், மிதிவண்டிக்கு அன்று. மிதிவண்டித் தடம் கால்வாயோரமாகப் பல நாள் தொடர்ந்து செல்வதும், ஆற்றோரத்தில் திடீரென்று விலகி வயல்களுக்குள் புகுவதும் நிலவியலால் மட்டும் நேர்வதில்லை. கொல்பேரின் ஆணை எங்கே கடமையை மட்டும் சுமத்தியதோ, அங்கே வேலி இன்றும் திரும்பி வரக்கூடும்.

நிழலும் அவ்வாறே நிலையற்றது. கனால் து மிதியின் புகழ்பெற்ற பிளேன் மரங்கள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடப்பட்டவை. அவற்றின் வேர்கள் கரையைப் பிடித்துவைத்தன, நிழல் பயணிக்கும் விலங்குக்கும் வெயிலைத் தணித்தது. 1996இல் யுனெஸ்கோ கால்வாயை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது சுமார் 42,000 பிளேன் மரங்கள் அங்கே நின்றன. 2006இல் ஒருவகைப் பூஞ்சை நோய் கால்வாயோரத்தில் கண்டறியப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது வெடிமருந்துப் பெட்டிகளின் மரத்தில் ஒட்டி அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்குள் வந்த நோய் அது. அதன்பின் மரங்கள் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டன. வேறு இனங்கள் நடப்படுகின்றன. நிழலிழந்த நீண்ட பகுதிகளைக் கடக்கும்போதுதான் அந்நிழலும் ஒருவர் நட்டு வளர்த்தது என்பது தெரியவருகிறது.

கைவிடப்பட்ட பெர்ரிக் கால்வாயின் கரையிலும் அண்மை ஆண்டுகளில் மிதிவண்டித் தடம் பகுதி பகுதியாக அமைக்கப்பட்டு வருகிறது. கழுதை நடந்த அதே அகலத்தில் இன்று இரு வண்டிகள் இணையாகச் செல்கின்றன. உழைப்பின் தடத்தில் ஓய்வு நடப்பது தவறன்று. 1936இல் விடுப்பு பெற்றவர்களின் பெயரர்கள் அங்கே செல்வது ஒருவகையில் நீதியும்கூட. ஆனால் அப்பாதையை வெறும் இயற்கைக் காட்சியாக அறிமுகப்படுத்தும் ஒவ்வொரு விளம்பரமும், மார்பில் வார் பூட்டி அதனை நடந்து அமைத்தவர்களை வரலாற்றிலிருந்து மேலும் ஓர் அடி தள்ளிவைக்கிறது. இழுபாதை என்ற பழைய சொல் பலகைகளில் நீடிக்கும்வரை, அதனை வாசிப்பவருக்கு அவர்களை நினைக்க ஒரு வாய்ப்பேனும் இருக்கிறது.