மூணு நாடா, ரெண்டு கை: காஞ்சிபுரம் தறியின் மரக் கதை

போன எபிசோடில் வீட்டு ஒர்க்‌ஷாப்புக்கு ஜிக் செய்வது பற்றிப் பேசினோம். ஒரே அளவை நூறு தடவை அளக்காமல், அந்த அளவை ஒரு மரத்துண்டில் பூட்டி வைப்பதுதான் ஜிக். இன்றைக்கு நான் பார்த்ததிலேயே பெரிய ஜிக் ஒன்றின் வரலாறு: காஞ்சிபுரத்துக் குழித்தறி.

பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு நெசவாளர் வீட்டில் தறி முன்னால் உட்கார்ந்து பாருங்க. பட்டுப் புடவை அப்புறம்தான் கண்ணில் படும். முதலில் தெரிவது மரம். நெய்த துணியைச் சுற்றிக்கொள்ளும் படமரம், பாவு இழைகளைத் தூக்கி இறக்கும் விழுது, ஒரு இஞ்சுக்கு இத்தனை இழை என்று முடிவு செய்துவிடும் அச்சு. அச்சு கச்சிதமான ஸ்பேசிங் ஜிக். நெசவாளர் எந்த இழையையும் எண்ணுவதில்லை. அச்சு ஏற்கெனவே எண்ணி வைத்திருக்கிறது.

தரையில் குழி தோண்டி, கால்மிதிகளை அதற்குள் வைத்திருப்பார்கள். பூமியே தறிக்குச் சட்டம். அச்சுப் பலகையை ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் வரும் அதிர்ச்சியைத் தரை வாங்கிக்கொள்கிறது. இழைப்புளி பிடிக்கும்போது உங்க பெஞ்ச் ஆடுகிறதென்றால் கூடுதலாக ஆணி அடிப்பதில் பயனில்லை. எடையைக் கூட்டுங்க, இல்லையென்றால் சுவரோடு பிணைத்துவிடுங்க. குழித்தறி நமக்குச் சொல்வது அதைத்தான். குறை என்னவென்றால், மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர் ஊறும், வேலை நின்றுபோகும்.

இங்கே ஒரு சின்ன விலகல். இதே ஊரில் வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்துக்குள் அத்தி மரத்தில் செய்த அத்திவரதர் இருக்கிறார். 1979-க்குப் பிறகு 2019-ல் வெளியே வந்தார், 48 நாள் தரிசனம், ஊரே திணறியது. பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், தச்சு வேலை செய்கிறவர்களுக்கு இதில் ஒரு கேள்வி உண்டு. தண்ணீரில் மரம் மக்காதா? பொதுவாக, முழுசாக மூழ்கியே இருக்கும் மரம் மெதுவாகத்தான் கெடும், ஏனென்றால் மக்கவைக்கும் பூஞ்சைக்குக் காற்று வேண்டும். நனைந்து, காய்ந்து, மறுபடி நனையும் மரம்தான் சீக்கிரம் போகும். தறியின் கால்மரத்திலும் தரையைத் தொடும் இடம்தான் முதலில் உளுத்துப்போகும். தோட்டத்து பெஞ்ச் செய்கிறவர்கள் கவனிக்க.

சரி, வரலாற்றுக்கு வருவோம். பூவும் அன்னமும் யாளியும் புடவையில் எப்படி வருகின்றன? ஒவ்வொரு வரியிலும் எந்தெந்தப் பாவு இழை மேலே போக வேண்டும் என்பது எங்கேயோ பதிந்திருக்க வேண்டும். காஞ்சிபுரத்தில் அதற்குப் பழைய ஏற்பாடு ‘அடை’. நூல் கண்ணிகளைக் கட்டியே டிசைனைச் சேமித்துவிடுவார்கள். ஒரு கண்ணி, ஒரு கட்டளை. அதை வரிசையாகத் தூக்கிக்கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-ல் தன் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். துளையிட்ட அட்டைகள் இழையைத் தேர்ந்தெடுக்கும், நெசவாளர் காலாலேயே தூக்கிவிடலாம். 20-ஆம் நூற்றாண்டில் அது காஞ்சிபுரத்துக்கும் வந்தது. இன்றைக்கும் தறிக்கு மேலே 240 ஊக்கு ஜக்கார்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். இந்த அட்டையிலிருந்துதான் பாபேஜ், ஹாலரித், கம்ப்யூட்டர் என்ற கதையை எங்க காலேஜில் முதல் செமஸ்டரிலேயே சொல்லிவிட்டார்கள், எனக்கு அது அலுத்துப்போச்சு. அடை கட்டியவரும் புரோகிராம்தான் எழுதினார், அவரை யாரும் பாடத்தில் சேர்க்கவில்லை என்பதோடு விட்டுவிடுகிறேன்.

ஜக்கார்டு வந்ததும் தூக்கிக்கொடுக்கிற ஆளுக்கு வேலை போனது. ஆனால் தறியில் இன்னொரு உதவியாள் இருந்தார். அவரை எந்த மரச்சாமானாலும் அவ்வளவு சுலபமாக எடுக்க முடியவில்லை.

இங்கிலாந்தில் ஜான் கே 1733-ல் பறக்கும் நாடாவைக் கொண்டுவந்தார். அச்சுப் பலகையின் ரெண்டு பக்கமும் ஒரு பெட்டி, நடுவில் ஒரு கயிறு. கயிற்றை இழுத்தால் நாடா இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு ஓடும். ஒரே ஆள், ஒரே கையில், அகலமான துணி. சென்னை மாகாணத்தில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி சேலத்தில் அரசாங்கத்தின் சார்பில் நெசவுக்கூடம் வைத்து இதைப் பரப்பப் பார்த்தார். அரசாங்கமே தொழில் நடத்துவதை 1910-ல் லண்டனிலிருந்து இந்தியச் செயலர் மார்லி ஏற்க மறுத்தார். ஆனாலும் பருத்தி நெசவில் பறக்கும் நாடா பரவிவிட்டது.

காஞ்சிபுரத்தின் பேர் போன கோர்வைப் புடவையில் மட்டும் அது ஒத்துவரவில்லை. உடல் சிவப்பு, கரை பச்சை என்று வைத்துக்கொள்வோம். ஒரே நாடா இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் ஓடினால் சிவப்பு ஊடை பச்சைக் கரைக்குள்ளேயும் போகும், நிறம் மங்கிவிடும். அதனால் கோர்வையில் மூணு நாடா: இடது கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, வலது கரைக்கு ஒன்று. உடலும் கரையும் சேரும் இடத்தில் ரெண்டு ஊடையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். நெசவாளர் ரெண்டு நாடாவைப் பார்த்துக்கொள்வார். மூணாவதைப் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருத்தர் போட வேண்டும்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஐந்தரை மீட்டர் என்பது சுமார் 216 இஞ்ச். இஞ்சுக்கு 60 ஊடை என்று வைத்தால் ஒரு புடவைக்குக் கிட்டத்தட்ட 13,000 தடவை அந்த மூணாவது நாடா போய் வர வேண்டும். வலிமை வேண்டாம், சின்னக் கை போதும், கூலி குறைவாக இருந்தால் நல்லது. அந்த இடத்தில் பல வருஷம் உட்கார்ந்தது குழந்தைகள்.

ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003 ஜனவரியில் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. அதில் காஞ்சிபுரமும் இருந்தது. பெற்றோர் முன்பணம் வாங்குவார்கள், பிள்ளை தறியில் உட்காரும், கடன் அடையாது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்தாச்சு. 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் தடைப்பட்டியலில் துணி நெசவும் இருந்தது. ஆனால் வீட்டுக்காரர் தன் குடும்பத்தை வைத்துச் செய்யும் வேலைக்கு விலக்கு. தறி வீட்டுக்குள்ளே இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை யார் பிள்ளை என்று யார் கேட்பது? கோட் எழுதுகிறவன் பார்வையில் இது பக் இல்லை, எல்லாருக்கும் தெரிந்தே திறந்துவைத்த வழி.

இங்கே என் கருத்தைச் சொல்லிடறேன். நம்ம தச்சு உலகத்தில் ‘ஹெல்ப்பர் இருந்தா போதும்’ என்று சாதாரணமாகச் சொல்லுவோம். பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள். அவர் செய்வதை ஒரு ஸ்டாண்டோ கிளாம்ப்போ செய்ய முடியுமா என்று யோசிக்காத சோம்பலுக்கு ஒரு விலை இருக்கிறது, அதை நாம் கொடுப்பதில்லை. கோர்வைத் தறியில் அந்த ஜிக்கைக் கண்டுபிடிக்க அவசரம் வராததற்குக் காரணம், அந்தக் கை மலிவாகக் கிடைத்ததுதான்.

பள்ளிக்கூடமும் சோதனைகளும் கூடிக்கூடி, குழந்தைகள் தறியிலிருந்து பெருமளவு வெளியே வந்தார்கள். அந்த இடத்தில் இப்போது அதிகமாக உட்கார்வது வீட்டுப் பெண்கள்: கணவர் ஒரு பக்கம், மனைவி இன்னொரு பக்கம். ரெண்டு பேர் உழைப்பு, ஒரு புடவைக் கூலி. அதனாலேயே பலர் கோர்வையை விட்டு ஒரே நாடாவில் நெய்கிற புடவைக்கு மாறிவிட்டார்கள்.

நாடா பற்றி ஒரு டிப். பட்டு இழை கண்ணுக்குத் தெரியாத சிலாம்பிலும் மாட்டிக்கொள்ளும். அதனால் நாடா கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும். உங்க வேலையிலும் உப்புத்தாள் போட்டு முடித்ததும் கொஞ்சம் பஞ்சை மரத்தின் ரேகைக்கு எதிர்ப்பக்கமாக இழுத்துப் பாருங்க. நார் ஒட்டிய இடத்தை மறுபடி தேயுங்க.

அடுத்த தடவை கடையில் காஞ்சிபுரம் புடவை வாங்கும்போது கரையும் உடலும் சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்க. கோர்வை என்றால் அங்கே ரெண்டு நிற ஊடையும் பிடித்துக்கொண்ட தடம் தெரியும், கரைக்குள்ளே உடல் நிறம் கலந்திருக்காது. ஒரு கரையின் ஒவ்வொரு ஊடையும் அந்த ரெண்டாவது ஆள் போட்டது.