அடிமரம் சாய்ந்தும் வாழும் ஆலமரம்

சென்னைவாசிகளில் பலர் அடையாறு ஆலமரத்தைப் பார்த்திருப்பீர்கள். 1882-இல் பிரம்மஞான சபை அடையாற்றுக்கு வந்தபோதே அது முதிர்ந்த மரம். அன்னி பெசன்ட், ஜே. கிருஷ்ணமூர்த்தி ஆகியோர் பேசிய கூட்டங்கள் அதன் நிழலில் நடந்தன. பந்தல் தேவைப்படவில்லை, இலைகள் வெயிலைத் தடுத்தன, அவை விடும் நீராவி காற்றைக் குளிர்வித்தது.

1989-இல் வீசிய பலத்த காற்றில் அடிமரம் சாய்ந்தது. ஆனாலும் மரம் சாகவில்லை. கிளைகளிலிருந்து இறங்கிய விழுதுகள் ஏற்கெனவே மண்ணில் வேரூன்றித் தூண்களாகியிருந்தன. இறங்க மண் இருந்ததால் பிழைத்தது.

நம் வளாகத்து வேம்புக்கும் புங்கைக்கும் அடிவரை சிமென்ட் கல் பதித்திருக்கிறோம். மழைநீர் வேருக்குப் போக வழியில்லை. வரும் மழைக்காலத்துக்குள் ஒவ்வொரு மரத்தையும் சுற்றி மூன்றடி மண் விடுவோமே!