ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிராமம்: இலவச நாப்கினின் கதையும் வடசென்னையும்

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் வயதுக்கு வந்துவிட்டால் தெருவுக்கே தெரியும். மூலைக்கு மூலை பேனர் கட்டுவார்கள். ஸ்பீக்கரில் காலையிலிருந்தே பாட்டு அலறும். தாய்மாமன் சீர்வரிசைத் தட்டுகளோடு, பட்டாசு வெடித்துக்கொண்டு வருவார். அதே பெண் அடுத்த மாதம் கடைக்குப் போய் நாப்கின் கேட்டால், கடைக்காரர் அதைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, திருட்டுச் சாமான் மாதிரி கையில் திணிப்பார். (2019ல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகும் இந்தக் கவர் மட்டும் எங்கிருந்தோ கிடைத்துவிடுகிறது!)

ஊரறியக் கொண்டாடிய ஒன்றை மறு மாதமே ஒளித்து வைக்கிறோமே, ஏன் என்று யோசித்தபோதுதான் இந்தப் பொருளின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. இலவச நாப்கினின் வரலாறு என்பது, யாருக்கெல்லாம் அது தேவை என்று அரசாங்கம் கணக்கு எடுத்தது, யாரை விட்டுவிட்டது என்பதன் வரலாறு. அந்தக் கணக்கில் எங்கள் வடசென்னை எங்கே நின்றது என்பதுதான் இந்தக் கட்டுரை.

துணிக் காலம்

என் அம்மா வளர்ந்தது காசிமேட்டில். ஒரே அறை உள்ள வீடு, அதில் எட்டுப் பேர். பாட்டியின் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து மடித்துத் தருவார்களாம். அதையே துவைத்துத் துவைத்துப் பயன்படுத்த வேண்டும்.

துணி என்றாலே கெடுதல் என்று சொல்லிவிட முடியாது. நல்ல பருத்தித் துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்தால் அது பாதுகாப்பானதுதான். ஆனால் அதற்குத் தண்ணீர் வேண்டும், மறைவாகத் துவைக்க இடம் வேண்டும், வெயில் படக் காயவைக்க ஒரு கொடி வேண்டும். தெரு அடிபம்பில் வரிசையில் நின்று பிடித்த ஒரு குடம் தண்ணீரில் எதைத் துவைப்பது? துவைத்தாலும் எங்கே காயப்போடுவது? இன்னொரு பாவாடைக்கு அடியில் ஒளித்துத்தான். அது முழுசாகக் காயாது. ஈரத்தோடு கட்டினால் அரிப்பு, புண், தொற்று. அம்மா சொல்வார்: "துணி மேல ஒண்ணும் தப்பு இல்ல, வீடுதான் பத்தல."

இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடி இங்கேதான் வரப் போகிறோம்.

கடைக்கு வந்த கதை

ஒரு முறை பயன்படுத்தி எறியும் நாப்கினுக்கு வயது சுமார் 130 வருடம்தான். 1896ல் அமெரிக்காவில் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் 'லிஸ்டர்ஸ் டவல்ஸ்' என்ற பெயரில் ஒன்றை விற்றுப் பார்த்தது. விளம்பரம் செய்யவே கூச்சப்பட்ட காலம், அது ஓடவில்லை. அடுத்து முதல் உலகப் போர். காயத்துக்குக் கட்டுப்போட மரக்கூழிலிருந்து செய்த ஒரு பஞ்சு வந்தது. சாதாரணப் பருத்திப் பஞ்சைவிட நன்றாக உறிஞ்சும். போர்முனையில் இருந்த நர்சுகள் அதை மாதவிடாய்க்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். போர் முடிந்ததும், கிம்பர்லி கிளார்க் நிறுவனம் அதே பஞ்சை வைத்து 1920ல் 'கோட்டெக்ஸ்' என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அப்போதும் கடையில் வாய்விட்டுக் கேட்கப் பெண்கள் தயங்கினார்கள். அதனால் டப்பாக்களைக் கவுன்டர் மேலேயே அடுக்கி வைத்து, பக்கத்தில் காசு போட ஒரு பெட்டியும் வைத்தார்கள். எடுத்துக்கொண்டு, காசைப் போட்டுவிட்டு, பேசாமல் போய்விடலாம். நம்மூர்க் கறுப்புக் கவருக்கு அமெரிக்காவில் ஒரு பாட்டி இருந்திருக்கிறாள்!

இந்தியாவில் பெரிய கம்பெனிகளின் நாப்கின் டி.வி. விளம்பரம் வரை வந்தது. ஆனால் தினக்கூலி வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகளும் அம்மாவும் இருந்தால் மாதம் மூன்று பாக்கெட். அது பால் கணக்கிலிருந்தோ மளிகைக் கணக்கிலிருந்தோதான் எடுக்கப்பட வேண்டும்.

கோவைக்காரரின் கணக்கு

இந்த விலைக் கணக்கைப் பார்த்துக் கோபப்பட்டவர்தான் கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம். 1998ல் கல்யாணம் ஆன புதிதில், மனைவி பழந்துணியை மறைத்து எடுத்துப் போவதைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். நாப்கின் வாங்கினால் வீட்டுச் செலவு இடிக்கும் என்று பதில். சில பைசா பெறுமான பஞ்சுக்கு இவ்வளவு விலையா என்று தானே செய்யத் தொடங்கினார்.

சோதித்துப் பார்க்க யாரும் முன்வராததால், ஃபுட்பால் பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பித் தானே கட்டிக்கொண்டு நடந்தார். ஊர் சிரித்தது. மனைவியும் தாயும் கூடச் சில காலம் பிரிந்து போனார்கள். கம்பெனி நாப்கினில் இருப்பது பருத்திப் பஞ்சு அல்ல, மரக்கூழ் என்று கண்டுபிடிக்கவே இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. பிறகு மரக்கூழை உடைத்துப் பஞ்சாக்குவது, அழுத்துவது, மேலுறை போட்டு ஒட்டுவது, புற ஊதாக் கதிரால் கிருமி நீக்குவது என்று எளிய சிறு இயந்திரங்களாகப் பிரித்துச் செய்தார். 2006ல் சென்னை ஐ.ஐ.டி.யில் அதைக் காட்டினார். 2016ல் பத்மஸ்ரீ. 2018ல் இந்தியில் சினிமா.

இவருடைய சாதனை விலை குறைந்த நாப்கின் மட்டும் இல்லை. கிராமத்து சுய உதவிக் குழுப் பெண்கள் தாங்களே செய்து, தாங்களே பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு விற்கலாம் என்று ஆக்கினார். கடைக்கார ஆணிடம் கேட்க வேண்டிய கூச்சம் அங்கே இல்லை.

சுனாமி காட்டிய பாடம்

2004 டிசம்பர் 26 சுனாமியில் வீடிழந்த வடசென்னை மீனவக் குடும்பங்களில் பலரைத் திருவொற்றியூர் கார்கில் நகரில் தற்காலிகக் குடியிருப்புகளில் வைத்தார்கள். எங்கள் பெரியம்மா வீட்டாரும் அங்கே இருந்தார்கள். நிவாரணத் துணி லாரி லாரியாக வந்தது என்பார். ஆனால் வந்ததில் நிறைய நைலக்ஸும் பாலியெஸ்டரும். அது ரத்தத்தை உறிஞ்சுமா? அரிசி, பாய், பாத்திரம் எல்லாம் கொடுத்தவர்களிடம் "இதுக்கும் ஏதாவது குடுங்க" என்று கேட்க வாய் வரவில்லையாம்.

அப்போது தமிழ்நாட்டில் யாரும் எடுத்துக்கொள்ளாமல் மலை மலையாகக் கிடந்த நிவாரணத் துணிகளைத் தரம் பிரிக்கும் வேலையில் இறங்கியது டெல்லியைச் சேர்ந்த 'கூஞ்ச்' அமைப்பு. 1999ல் அன்ஷு குப்தா தொடங்கியது. பழைய பருத்தித் துணியைச் சுத்தம் செய்து துணி நாப்கினாக ஏழைப் பெண்களுக்குக் கொடுப்பது இவர்களுடைய முக்கியமான வேலைகளில் ஒன்று. அன்ஷு குப்தாவுக்கு 2015ல் மகசேசே விருது கிடைத்தது. இப்போது வெள்ளமோ புயலோ வந்தால் நிவாரணப் பொருள் பட்டியலில் நாப்கினும் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தன்னார்வலர்கள் சேகரித்த பொருள்களில் அதுவும் இருந்தது. பதினோரு வருடத்தில் இது ஒரு பெரிய மாற்றம்தான்.

புது யுகம் யாருக்கு?

இனி அரசுத் திட்டங்கள். 2011ல் மத்திய அரசு 17 மாநிலங்களில் 107 மாவட்டங்களில், கிராமப்புறப் பெண்களுக்கு 'ஃப்ரீடேஸ்' என்ற பெயரில் 6 நாப்கின் கொண்ட பாக்கெட்டை 6 ரூபாய்க்குக் கொடுக்க ஆரம்பித்தது. தமிழ்நாடு அரசு ஒரு படி மேலே போய் முழுக்க இலவசம் என்றது. அதுதான் 'புது யுகம்' திட்டம். 2011ல் முதல்வர் ஜெயலலிதா அறிவித்து, 2012ல் தொடங்கி வைத்தார். கிராமப்புறங்களில் 10 முதல் 19 வயது வரை உள்ள பெண்களுக்கு, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை 3 பாக்கெட். ஒரு பாக்கெட்டில் 6. பள்ளியில் படிப்பவர்களுக்குப் பள்ளியிலேயே. படிப்பை விட்டவர்களுக்கு அங்கன்வாடியில். அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாய்மார்களுக்கும், சிறையில் இருக்கும் பெண்களுக்கும், அரசு மனநலக் காப்பகத்தில் இருக்கும் பெண்களுக்கும் உண்டு. சிறையையும் மனநலக் காப்பகத்தையும் கூட நினைத்துப் பார்த்தது உண்மையிலேயே பாராட்ட வேண்டிய விஷயம்.

ஆனால் 'கிராமப்புறம்' என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள்.

எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றுக் கரையில் நின்று பாருங்கள். அந்தப் பக்கம் அத்திப்பட்டு. அரசுக் கணக்கில் ஊராட்சி, அதாவது கிராமம். இந்தப் பக்கம் எண்ணூர். முன்பு கத்திவாக்கம் நகராட்சி. திருவொற்றியூர் நகராட்சியோடு சேர்த்து அதையும் 2011ல் சென்னை மாநகராட்சியோடு இணைத்துவிட்டார்கள். இரண்டு கரையிலும் ஒரே அனல்மின் நிலையச் சாம்பல்தான் பறக்கிறது. ஒரே ஆற்றில்தான் மீனும் இறாலும் பிடிக்கிறார்கள். திட்டத்தின் விதிப்படி அந்தக் கரைப் பெண்ணுக்கு நாப்கின் உண்டு, இந்தக் கரைப் பெண்ணுக்கு இல்லை. ராயபுரத்தில் உள்ள ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிள்ளை பெற்ற அம்மாவுக்கு உண்டு. அதே தெருவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் தங்கைக்கு மாநிலத் திட்டத்தில் இடமில்லை. ஏனென்றால் அவள் நகரத்துப் பெண்! மாநகராட்சி தன் பள்ளிகளுக்கென்று தனியாகச் சில ஏற்பாடுகள் செய்தது. ஆனால் படிப்பை நிறுத்திவிட்டு மீன் சுத்தம் செய்யவோ எக்ஸ்போர்ட் கம்பெனிக்கோ போன பதினாறு வயதுப் பெண்ணை அது எட்டாது.

திட்டம் நகர்ப்புறத்துக்கும் விரிவாக்கப்படும் என்று 2021ல்தான் அறிவிப்பு வந்தது. பத்து வருடம்! 2011ல் பத்து வயதாக இருந்த எங்கள் தெருப் பெண்ணுக்கு அப்போது இருபது. திட்டத்தின் வயது வரம்பையே தாண்டிவிட்டாள்.

பேட் வருவதற்கு முன் குப்பை வந்தது

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சென்னையின் இரண்டு பெரிய குப்பைமேடுகளில் ஒன்று கொடுங்கையூர், எங்கள் பக்கம்தான். வசதியான தெருக்களில் வீசப்பட்ட நாப்கினும் பல வருடங்களாக லாரியில் ஏறி அங்கே வந்துகொண்டிருந்தது. அதில் இருக்கும் பிளாஸ்டிக் மட்கப் பல நூறு வருடம் ஆகும் என்கிறார்கள். அதைக் கையால் பிரிப்பவர்களும் இந்தப் பக்கத்து மனிதர்கள்தான். ஆக, நாப்கின் வாங்க முடியாத பெண்கள் இருக்கும் பகுதிக்குப் பயன்படுத்திய நாப்கின் முதலில் வந்து சேர்ந்துவிட்டது. 2016ன் திடக்கழிவு விதிகளில், நாப்கினைத் தனியாகச் சுற்றித்தான் கொடுக்க வேண்டும், சுற்றுவதற்கான உறையைத் தயாரிப்பாளரே தர வேண்டும் என்று இருந்தது. உங்கள் வீட்டில் எத்தனை பேர் அப்படிக் கொடுக்கிறீர்கள்?

கொடுத்தால் மட்டும் போதுமா?

நாப்கின் கொடுத்தால் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட மாட்டார்கள் என்பது எல்லோரும் சொல்லும் வாதம். கென்யா 2017ல் பள்ளி மாணவிகளுக்கு இலவச நாப்கினைச் சட்டமாகவே ஆக்கியதற்கும் இதுதான் அடிப்படை. ஆனால் நேபாளத்தில் எமிலி ஆஸ்டர், ரெபெக்கா தோர்ன்டன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் மாணவிகளுக்கு மென்ஸ்ட்ரூவல் கப் கொடுத்துச் சோதித்தார்கள். 2011ல் வெளியான முடிவு: மாதவிடாயால் போகும் பள்ளி நாள் வருடத்துக்கு அரை நாளுக்கும் குறைவு, கப் கொடுத்ததால் வருகை கூடவும் இல்லை. வேறு ஊர்களில் செய்த ஆய்வுகள் வேறு மாதிரியும் சொல்கின்றன.

எனக்கு இதைப் படித்தபோது முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு யோசித்தால், வருகைப் பதிவேட்டை வைத்து இதை ஏன் அளக்க வேண்டும்? வகுப்பில் உட்கார்ந்துகொண்டே, பின்னால் கறை பட்டிருக்குமோ என்று எழுந்திருக்காமல் இருக்கும் பெண்ணும் 'பிரசென்ட்'தானே!

2017 ஆகஸ்டில் பாளையங்கோட்டையில் 12 வயது மாணவி ஒருத்தி, சீருடையில் கறை பட்டதற்காக வகுப்பில் அவமானப்படுத்தப்பட்டு, உயிரையே விட்டுவிட்டாள். 2018 நவம்பரில் கஜா புயலின்போது தஞ்சாவூர் மாவட்டத்தில், வயதுக்கு வந்ததால் தனிக் குடிசையில் படுக்க வைக்கப்பட்ட சிறுமி மரம் விழுந்து இறந்தாள். இந்த இரண்டு சாவையும் நாப்கின் பாக்கெட் மட்டும் தடுத்திருக்காது. ஒரு ஆசிரியரின் ஒரு நல்ல சொல்லும், வீட்டுக்குள் ஒரு பாயும் தேவைப்பட்டன.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 24 வயதுப் பெண்களில் சுமார் 98 சதவீதம் பேர் சுகாதாரமான முறையைப் பயன்படுத்துகிறார்கள். இந்தியா முழுக்க அது 77. பெருமைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். திட்டம் கொடுப்பது வருடத்துக்கு 18 பாக்கெட், 108 நாப்கின். மாதத்துக்கு 9. நாலு நாள், நாளைக்கு மூன்று என்றாலே 12 வேண்டும். மீதிக்கு? ஒன்றையே காலையிலிருந்து மாலை வரை வைத்திருப்பாள். பள்ளிக் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, பக்கெட் இல்லை, போடுவதற்குத் தொட்டி இல்லை என்றால், பையில் நாப்கின் இருந்தாலும் மாற்ற மாட்டாள்.

அதனால் அடுத்த முறை 'மாணவிகளுக்கு இலவச நாப்கின்' என்று செய்தி வந்தால், கைதட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்போம். எந்தப் பெண்கள் இந்தப் பட்டியலில் இல்லை? மாதத்துக்கு எத்தனை? மாற்றுவதற்குத் தண்ணீரும் தாழ்ப்பாளும் இருக்கிறதா?

அம்மா சொன்னது இன்றைக்கும் பொருந்துகிறது. துணி போய் நாப்கின் வந்துவிட்டது. வீடும் பள்ளிக்கூடமும் இன்னும் பத்தவில்லை.