தலையாட்டும் இரும்புக் குதிரை... எண்ணெய்க் கிணற்றுக்குள்ளே என்ன பம்ப் இருக்கு?

குஜராத்தின் மெஹ்சானா பக்கம் போனவங்க பார்த்திருப்பீங்க. வயலுக்கு நடுவே ஒரு இரும்பு இயந்திரம், குதிரை மாதிரி தலையை ஆட்டிக்கிட்டே நிற்கும். அதுதான் பம்ப்னு நினைச்சா தப்பு. நிஜ பம்ப் பல நூறு மீட்டர் ஆழத்தில் இருக்கிறது.

எண்ணெய் தானா பீறிட்டு வராதா? சில கிணறுகளில் ஆரம்பத்தில் வரும். பாறைக்குள் இருக்கும் அழுத்தம் தள்ளிவிடும். எடுக்க எடுக்க அந்த அழுத்தம் குறையும். மேலே இருந்து உறிஞ்சலாமே என்றால், உறிஞ்சும் பம்ப் தண்ணீரையே சுமார் 10 மீட்டருக்கு மேல் தூக்காது. அதனால்தான் பம்ப்பையே கீழே இறக்குகிறார்கள்.

அந்தக் குதிரை, நம்ம ஊர் அடிபம்ப்புக்குப் பெரிய அண்ணன். அது தலையாட்டும்போது நீளமான இரும்புக் கம்பிகள் மேலும் கீழும் போகும். அடியில் இருக்கும் பிஸ்டனும் வால்வுகளும் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயை ஏற்றும். வரத்து குறைவான கிணறுகளுக்கு இது போதும். கிணறு வளைந்து போனால் கம்பி உரசித் தேயும்.

நிறைய எடுக்கணுமா? சப்மெர்சிபிள்தான். போர்வெல்லில் இறக்குகிற அதே சங்கதி, ஆனா இன்னும் ஆழம், இன்னும் சூடு. இதை 1920-களின் கடைசியில் அமெரிக்க எண்ணெய் வயல்களுக்குக் கொண்டு போனவர், ஆர்மேனியப் பொறியாளர் அர்மாயிஸ் அருட்டுனோவ். மணலும் கேஸும் அதிகம் வந்தால் இந்த பம்ப் திணறும்.

மணல் கலந்த, கூழ் மாதிரி கெட்டியான எண்ணெய்க்கு ஸ்குரூ பம்ப். ரப்பர் உறைக்குள் இரும்புத் திருகு சுழன்று தள்ளும். பிரான்ஸின் ரெனே முவானோ 1930-களில் தந்த யோசனை இது. சூடு அதிகமானால் ரப்பர் கெட்டுவிடும்.

சரி, தப்பான பம்ப்பை இறக்கினால் என்ன? அங்கதான் சிக்கல். சப்மெர்சிபிள் பழுதானால் பெரும்பாலும் ரிக் வண்டி வரவழைத்து மொத்தக் குழாயையும் உருவி எடுக்கணும். அதுவரை கிணறு சும்மா கிடக்கும். கடலில் என்றால் ரிக் செலவே பம்ப் விலையைத் தாண்டிவிடும்.

ஜெட் பம்ப்பில் இந்தத் தொல்லை குறைவு. அதில் சுழல்கிற பாகமே கிடையாது. மேலே இருந்து வேகமாக அனுப்பும் திரவம், கிணற்று எண்ணெயையும் சேர்த்து இழுத்து வரும். பல ஜெட் பம்ப்களில் அந்தத் திரவத்தைத் தலைகீழாகச் செலுத்தினால், ரிக் இல்லாமலே பம்ப் மேலே வந்துவிடும்.