வலியசாலை: வரிசையே கட்டடம்

திருவனந்தபுரத்து வலியசாலை அக்கிரகாரத்தின் பெயரிலேயே இரு மொழிகள் கைகோத்து நிற்கின்றன. ‘வலிய’ என்பது ‘பெரிய’ எனும் பொருள் தரும் மலையாளச் சொல். ‘சாலை’ என்பதைப் பழைய வழக்கின்படி கல்வி நிலையம் எனக் கொள்வது பொருந்தும். ஆய் மன்னன் கருநந்தடக்கன், காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு 95 மாணவர்க்கு ஒரு சாலை நிறுவியதைப் பொ.ஆ. 866ஆம் ஆண்டுப் பார்த்திவபுரச் செப்பேடு கூறுகிறது. அக்காந்தளூர், இன்றைய வலியசாலையில் காந்தளூர் மகாதேவர் கோயில் நிற்கும் பகுதியே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

அக்கிரகாரமோ அச்சாலைக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. மார்த்தாண்டவர்மர் பத்மநாபசுவாமி கோயிலைப் புதுப்பித்து, 1750இல் நாட்டை இறைவனுக்கு உரிமையாக்கினார். கோயில் சடங்குகளும் ஊட்டுப்புரைகளும் அரசுப் பணிகளும் தமிழ்ப் பிராமணரை ஈர்த்தன. கோட்டையகத்திலும் கரமனையிலும் வலியசாலையிலும் அவர்தம் தெருக்கள் நிலைபெற்றன.

கேரளத்து மரபு வீடு தோட்டத்தின் நடுவே தனித்து நிற்பது. அக்கிரகார வீடு அண்டை வீட்டோடு சுவரைப் பகிர்ந்து நிற்பது. தெருவிலிருந்து திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லைக் கிணறு என அது நீண்டு செல்லும். ‘இடைகழி’ என்னும் பழஞ்சொல்லே தேய்ந்து ‘ரேழி’ ஆயிற்று. மலையாளம் சூழ்ந்த நகரில் அச்சொல்லைக் காத்தது அகராதி அன்று. நாள்தோறும் அவ்விடத்தைக் கடந்து சென்ற கால்கள்.

ஆகவே, ஒரு வீடு இடிக்கப்படும்போது இழப்பு அவ்வீட்டோடு நிற்பதில்லை. பொதுச்சுவர் மழைக்குத் திறந்துகொள்கிறது; அண்டை வீட்டுக் கூரை தாங்கலை இழக்கிறது; வாகனம் நிறுத்தத் திண்ணை அகற்றப்பட்டால் தெருவின் ஒழுங்கு முறிகிறது; ரேழி இல்லாத வீட்டில் ‘ரேழி’ என்னும் சொல்லுக்கும் வேலை இல்லை. சிறந்த வீடுகளை மட்டும் தெரிந்தெடுத்துக் காக்கும் முறை இங்குப் பயன்தராது. காக்கத்தக்க அலகு வரிசையே.

அவ்வாறு காக்கும்போது முழு வரலாற்றையும் காத்தல் வேண்டும். 1936 நவம்பர் 12 அன்று வெளியான ஆலய நுழைவு அறிவிப்புக்கு முன், திருவிதாங்கூரில் கோயில் வாயில்கள் பெரும்பான்மை மக்களுக்கு அடைத்தே கிடந்தன. அவ்வாயில்களைச் சார்ந்து வாழ்ந்த தெருக்களின் திண்ணைகளும் எல்லோருக்கும் பொதுவாக இருந்தவை அல்ல. சுவரைப் பகிர்ந்துகொண்ட தெரு, யாருடன் எதைப் பகிர மறுத்தது என்பதற்கும் இவ்வீடுகளே சான்று. சான்று அழிந்தபின் எஞ்சுவது பெருமிதமோ வசையோ, வரலாறு அன்று.